அமெரிக்காவில் வேலையிடத்துப் பாகுபாடு: புகார் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்து சில வருடங்களே ஆன நம் ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். பதவி உயர்வு வேறு யாருக்கோ போகிறது, பேச்சைக் கேட்டுக் கிண்டல் செய்கிறார்கள், பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தால் பழைய வேலை அங்கே இல்லை. இப்படி ஏதாவது நடந்தால் நாம் வழக்கமாகச் செய்வது வாட்ஸ்அப் குழுவில் புலம்புவது. "வீசா இருக்கே, வாயை மூடிக்கிட்டு இரு" என்று நாலு பேர் சொல்வார்கள், நாமும் இருந்துவிடுவோம். வேலையும் போன பிறகு வக்கீலைத் தேடிப் போனால், கெடு முடிந்துவிட்டது என்பார்.

நான் இருப்பது கலிபோர்னியாவில். மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியபோது என் புராஜெக்ட் கைமாறியிருந்தது. அதுவரை நல்ல மதிப்பீடே வாங்கிவந்த எனக்குக் கொஞ்ச நாளில் 'பி.ஐ.பி' வந்தது. இன்னின்ன குறைகளைச் சரிசெய்யாவிட்டால் வேலை போகும் என்று சொல்லும் தாள் அது. மாநில அலுவலகம், மத்திய அலுவலகம் இரண்டோடும் மல்லுக்கட்டி, கடைசியில் சமரசப் பேச்சில் முடித்துக்கொண்டேன். தொகையைச் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதை மட்டும் கேட்காதீர்கள். நான் வக்கீல் இல்லை. கெடுக்களும் கட்டணங்களும் மாறக்கூடியவை என்பதால், புகார் போடும் அன்று அந்தந்த அலுவலகத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. நடந்தது அநியாயமா, பாகுபாடா?

மோன்டானா தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் பொதுவாக 'அட் வில்' வேலைதான். காரணம் சொல்லாமலே உங்களை அனுப்பலாம், நீங்களும் சொல்லாமலே கிளம்பலாம். மேனேஜர் சிடுமூஞ்சி, தனக்கு வேண்டியவரைத் தூக்கிவிடுகிறார், எல்லோர் மேலும் ஒரே மாதிரி எரிந்துவிழுகிறார் என்றால் சட்டம் கண்டுகொள்ளாது. அது கேட்பதெல்லாம், உங்களை அப்படி நடத்தியதற்குக் காரணம் என்ன என்பதுதான். அந்தக் காரணம் சட்டம் தடுத்திருக்கும் பட்டியலில் இருந்தால்தான் வழக்கு.

மத்தியச் சட்டப் பட்டியல் இது: இனம், நிறம், மதம், பால், பூர்விக நாடு (இவை 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் 7ஆம் பகுதி), 40 வயது நிரம்பியவர்களுக்கு வயது, உடல் மனக் குறைபாடுகள், மரபணுத் தகவல். பால் என்பதில் கர்ப்பமும் அடங்கும். ஒருவர் ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காகவோ திருநர் என்பதற்காகவோ வேலையைவிட்டு நீக்குவதும் பால் பாகுபாடுதான் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநிலங்கள் இதற்கு மேலும் சேர்த்திருக்கின்றன. கலிபோர்னியாவில் திருமண நிலை, மருத்துவ நிலை, வம்சாவளி போன்றவையும் உண்டு.

நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் மூன்று விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உச்சரிப்பு: "உங்கள் ஆங்கிலம் புரியவில்லை" என்று பதவி உயர்வை மறுத்தால், அந்த உச்சரிப்பு வேலையை உண்மையிலேயே பெரிதாகப் பாதிக்கிறது என்று நிறுவனம் காட்ட வேண்டும். இல்லையென்றால் அது பூர்விக நாட்டுப் பாகுபாடு.

சாதி: ஆமாம், இங்கேயும் நடக்கிறது, செய்கிறவர்களும் நம்மவர்களே. சியாட்டில் நகரம் 2023இல் சாதியைப் பெயர் சொல்லியே தடைப்பட்டியலில் சேர்த்தது. கலிபோர்னியாவில் அதே ஆண்டு சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் கேவின் நியூசம் ரத்து செய்தார். இருக்கிற சட்டத்திலேயே இதற்கு இடமுண்டு என்பது அவர் சொன்ன காரணம். ஆகவே கலிபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டுக்குப் புகார் கொடுப்பவர் வம்சாவளி, இனம், மதம், பூர்விக நாடு என்ற பெட்டிகளில் பொருந்துவதையெல்லாம் குறியுங்கள்.

வீசா: "நாங்கள் வீசா ஸ்பான்சர் செய்வதில்லை" என்று ஒரு நிறுவனம் சொன்னால் அது பொதுவாகப் பாகுபாடு ஆகாது. "இந்தியர்கள் வேண்டாம்" என்றால் அது வேறு கதை.

வேலையிடத்தில் தொல்லை என்று சொல்வதானால், ஒரே ஒரு கிண்டல் பெரும்பாலும் போதாது. கடுமையாகவோ தொடர்ச்சியாகவோ இருக்க வேண்டும். இடமாற்றம் போன்றவற்றுக்கு வரம்பு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. சம்பளம் குறையாவிட்டாலும், மாற்றத்தால் வேலை நிலைமையில் ஏதோ ஒரு கெடுதி ஏற்பட்டதென்று காட்டினால் போதும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2. நிறுவனத்தில் எத்தனை பேர்? எந்த அலுவலகம்?

மத்தியச் சட்டங்களைக் கவனிப்பது சம வேலைவாய்ப்பு ஆணையம். எல்லோரும் இ.இ.ஓ.சி என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். நிறுவனத்தில் 15 பேராவது இருந்தால்தான் இது உங்கள் புகாரை எடுக்கும். வயதுப் பாகுபாட்டுக்கு 20 பேர். ஒரே வேலைக்கு ஆண், பெண் சம்பள வித்தியாசம் என்றால் அதற்குத் தனிச் சட்டம், இந்த எண்ணிக்கை தேவையில்லை.

சின்னக் கன்சல்டன்சியில் வேலை பார்க்கிறவர்கள் இதோடு மனம் தளர வேண்டாம், மாநிலச் சட்டங்கள் கீழே வரை இறங்கும். கலிபோர்னியாவில் 5 பேர் இருந்தால் போதும், தொல்லை பற்றிய புகாருக்கு ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் சரி. நியூ ஜெர்சியிலும் நியூ யார்க்கிலும் எண்ணிக்கை வரம்பே இல்லை. டெக்சாஸில் 15, பாலியல் தொல்லைக்கு மட்டும் ஒருவர் போதும். இனப் பாகுபாட்டுக்கு 1866இலிருந்து இருந்துவரும் மத்தியச் சட்டம் ஒன்றும் உண்டு. அதற்கு எண்ணிக்கையும் கிடையாது, இ.இ.ஓ.சி வழியாகப் போக வேண்டிய கட்டாயமும் கிடையாது. வக்கீலிடம் 'செக்‌ஷன் 1981' என்று கேளுங்கள், புரியும்.

4 முதல் 14 பேர் உள்ள நிறுவனத்தில் பூர்விக நாட்டுப் பாகுபாடு என்றால் மத்திய அரசின் நீதித் துறையில், குடியேறியவர்கள், ஊழியர்களின் உரிமையைக் கவனிக்கும் ஐ.இ.ஆர் பிரிவு இருக்கிறது. கிரீன் கார்டு வாங்கியவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் சேரும்போது, வேலை செய்ய அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்கு எந்த ஆவணம் காட்டுவது என்பது உங்கள் விருப்பம். ஓட்டுநர் உரிமமும் நிபந்தனை ஏதும் அச்சிடாத சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் காட்டிய பிறகும், குடியுரிமையையோ பூர்விகத்தையோ வைத்து "கிரீன் கார்டைத்தான் காட்ட வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தால் ஐ.இ.ஆரிடம் போகலாம். அங்கே கெடு 180 நாள்.

3. நாட்களை எண்ணுங்கள்

முழுதாகப் படிக்க நேரம் இல்லையென்றால் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

இ.இ.ஓ.சி கெடு 180 நாள். அதே பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அதற்கான அலுவலகமும் உங்கள் மாநிலத்தில் இருந்தால் 300 நாள். கலிபோர்னியா, நியூ யார்க், நியூ ஜெர்சி, டெக்சாஸ் எல்லாம் 300 நாள் மாநிலங்கள். மத்திய அரசு ஊழியராக இருந்தால் கணக்கே வேறு: 45 நாளுக்குள் உங்கள் துறையின் ஆலோசகரைப் பார்த்தாக வேண்டும்.

மாநிலக் கெடு தனி. கலிபோர்னியாவின் சிவில் உரிமைத் துறை, அதாவது சி.ஆர்.டி, 3 வருடம் தருகிறது. நியூ யார்க் மாநிலத்திலும் இப்போது 3 வருடம். நியூ ஜெர்சியில் மாநில அலுவலகத்துக்கு 180 நாள், ஆனால் அங்கே போகாமலே நேரே மாநில நீதிமன்றத்துக்கு 2 வருடத்துக்குள் போகலாம். டெக்சாஸ் 180 நாள், பாலியல் தொல்லைக்கு 300.

கலிபோர்னியாவில் 3 வருடம் இருக்கிறதே என்று படுத்துவிடாதீர்கள். மத்தியச் சட்ட வழி 300 நாளிலேயே அடைந்துபோகும். அதற்குள் மேனேஜர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார், சாட்சி சொல்ல வேண்டியவர் போன் எடுக்க மாட்டார், சாட் பதிவுகள் அழிந்திருக்கும்.

இனி, ஆட்கள் தடுக்கி விழுகிற இடங்கள்.

கெடு ஓடத் தொடங்குவது கடைசி வேலைநாளில் இல்லை. வேலை போகிறது என்று உங்களுக்குத் தெரிவித்த நாளில். "ஜூன் 30 வரை இருக்கலாம்" என்று ஏப்ரல் 2இல் சொன்னால் ஏப்ரல் 2இலிருந்து எண்ணுங்கள்.

ஹெச்.ஆரில் விசாரணை நடக்கிறது, மேல்முறையீடு போயிருக்கிறது, யூனியன் பேசுகிறது என்பதற்காகவெல்லாம் கெடு நிற்காது. "இன்னும் ரெண்டு வாரத்தில் முடிவு சொல்கிறோம்" என்று ஹெச்.ஆர் மாதக்கணக்கில் இழுத்தால் அந்த மாதங்கள் உங்கள் கணக்கில்தான் கழியும்.

பதவி உயர்வு மறுப்பு, இடமாற்றம், பணிநீக்கம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு. தொடர்ந்து வந்த தொல்லைக்கு மட்டும் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ணலாம்.

சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் கணக்கில் சேரும். கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் மட்டும் அடுத்த வேலைநாள் வரை இடமுண்டு.

இ.இ.ஓ.சி தளத்தில் ஒரு விசாரிப்புப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் புகார் கொடுத்தாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆகவில்லை. அது சந்திப்புக்கான முன்பதிவு போலத்தான். 'சார்ஜ்' எனப்படும் புகாரில் கையெழுத்துப் போட்டால்தான் கணக்கு.

4. காகிதம் சேருங்கள்

வேலையில் இருக்கும்போதே சேர்க்க வேண்டும். பணிநீக்கம் என்று சொன்ன கையோடு லேப்டாப் பூட்டிக்கொள்ளும்.

உங்களிடம் இருக்க வேண்டியவை: ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், டபிள்யூ-2 (வருடச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் தாள்), வருட மதிப்பீடுகள், பாராட்டு மெயில்கள், ஊழியர் கையேட்டின் பாகுபாடு பற்றிய பக்கங்கள், எச்சரிக்கைக் கடிதம் அல்லது பி.ஐ.பி, பணிநீக்கக் கடிதம், விடுப்பு விண்ணப்பமும் அதற்கு வந்த ஒப்புதலும்.

அப்புறம் ஒரு காலவரிசை. எக்செல் போதும். தேதி, என்ன நடந்தது, சொன்ன வார்த்தை அப்படியே, அங்கே யார் இருந்தார்கள், சான்று எங்கே என்று ஐந்து நெடுவரிசை. என்னுடையதில் ஒரு வரி இப்படி இருந்தது: "திங்கள், வாராந்திரக் கூட்டம். 'இனி உனக்குக் குழந்தைதானே முக்கியம், பெரிய ரிலீஸை இவர் பார்க்கட்டும்.' கூட்டத்தில் இன்னும் இருவர். அன்று மாலை சாட்டில் நான் கேட்டதும் அவர் பதிலும்." "என்னை மட்டமாக நடத்தினார்" என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட இப்படி ஒரு வரி உபயோகம்.

அதே தாளில் இணையாட்கள் பட்டியலும் வேண்டும். உங்கள் அதே மேனேஜரின் கீழ், ஏறக்குறைய அதே வேலையில், உங்கள் பிரிவைச் சேராத ஒருவர் அதே தப்பைச் செய்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. சம்பளத்தை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளக் கூடாது என்று நிறுவனங்கள் பயமுறுத்தும். மேற்பார்வையாளர் அல்லாத தனியார் ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசுவது சட்டப்படி உரிமை.

செய்யக் கூடாதவை இரண்டு. நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களையும் வாடிக்கையாளர் தகவல்களையும் மொத்தமாகச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். பின்னால் அது தெரியவந்தால் "இதற்காகவே அனுப்பியிருப்போம்" என்று வாதாடி உங்களுக்குச் சேர வேண்டிய தொகையை வெட்டிவிடுவார்கள். உங்களுக்கு வந்த மதிப்பீடு, உங்கள் சம்பளம், உங்களைப் பற்றிய கடிதம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு மெயிலின் தேதி, தலைப்பு, அனுப்பியவர் பெயரைக் குறித்துவைத்தால் போதும், வழக்கு என்று வந்தால் கேட்டு வாங்கலாம்.

அடுத்தது ரகசிய ஒலிப்பதிவு. நியூ யார்க், நியூ ஜெர்சி, டெக்சாஸில் பேசுகிறவர்களில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும், அதாவது உங்களுக்கு. கலிபோர்னியாவில் ரகசியமான உரையாடலை எல்லோர் சம்மதமும் இல்லாமல் பதிவு செய்வது குற்றம். ஹெச்.ஆர் அறைக்குள் போகும்போது போனில் ரெக்கார்டர் ஓடவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவர் எந்த மாநிலத்தில் இருந்து சொல்கிறார் என்று கேளுங்கள்.

கலிபோர்னியாக்காரர்களுக்கு ஒரு வசதி: உங்கள் பணிக் கோப்பை எழுத்தில் கேட்டால் நிறுவனம் 30 நாளுக்குள் தர வேண்டும், சம்பளப் பதிவுகளை 21 நாளுக்குள். வேலையை விட்ட பிறகும் கேட்கலாம். என் கோப்பைக் கேட்டு வாங்கியபோது, பி.ஐ.பிக்கு ஆதாரமாகச் சொன்ன "பழைய குறைபாடுகள்" எதுவுமே அதில் இல்லை. அந்த இல்லாமையே எனக்குச் சான்றானது.

5. ஹெச்.ஆருக்கு எழுத்தில் சொல்லுங்கள்

ஹெச்.ஆர் உங்களுக்காக இல்லை, நிறுவனத்துக்காக இருக்கிறது. அது தெரிந்தும் அவர்களிடம் எழுத வேண்டும். தொல்லை பற்றிய வழக்குகளில், நிறுவனத்தில் புகார் முறை இருந்தும் ஊழியர் அதைப் பயன்படுத்தவில்லை என்பது நிறுவனத்துக்கு நல்ல தற்காப்பு. அந்த வாய்ப்பை ஏன் கொடுக்க வேண்டும்? இன்னொன்று, புகார் செய்தவரைப் பழிவாங்குவது தனிச் சட்டமீறல். உங்கள் மூலப் புகார் நிற்காவிட்டாலும், நல்லெண்ணத்தோடும் நியாயமான நம்பிக்கையோடும் புகார் செய்திருந்தால் பழிவாங்கலுக்கான வழக்கு நிற்கும். இ.இ.ஓ.சிக்கு வரும் புகார்களில் சமீப ஆண்டுகளில் சுமார் பாதியில் இந்தப் பழிவாங்கல் குற்றச்சாட்டு இருக்கிறது.

மெயிலைச் சுருக்கமாக எழுதுங்கள். "மேனேஜர் மரியாதை இல்லாமல் நடக்கிறார்" என்று எழுதினால் அது வெறும் மனக்கசப்பு. 'டிஸ்கிரிமினேஷன்' என்ற வார்த்தையும் எதை வைத்து என்பதும் கட்டாயம் இருக்க வேண்டும்: கர்ப்பம், பூர்விக நாடு, மதம், எதுவோ அது. தேதியோடு இரண்டு மூன்று சம்பவம், என்ன வேண்டும் என்று ஒரு வரி, அவ்வளவுதான். நம்மூர் வழக்கப்படி "தயவுகூர்ந்து தங்கள் மேலான கவனத்துக்கு" என்று சுற்றி வளைக்கவும் வேண்டாம், கோபத்தைக் கொட்டவும் வேண்டாம். மெயிலைத் தேதி தெரிகிறபடி படமெடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் கூப்பிட்டுப் பேசினால், திரும்பி வந்ததும் "இன்று நாம் பேசியது இது" என்று அவர்களுக்கே ஒரு மெயில். பதில் வராது. வராததும் நல்லதுதான்.

6. வீசாவில் இருப்பவர்கள்

பாகுபாட்டுச் சட்டங்கள் குடியேற்ற நிலையைப் பார்ப்பதில்லை. ஹெச்1பி (நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் வேலை வீசா), எல்1, ஓபிடி (படிப்பு முடித்த மாணவர்களின் வேலை அனுமதி), ஹெச்4 வேலை அனுமதி, யாராக இருந்தாலும் புகார் கொடுக்கலாம், கொடுத்ததால் வீசா ரத்தாகாது. கலிபோர்னியாவில், உரிமை கேட்டதற்காகக் குடியேற்ற அதிகாரிகளிடம் சொல்லிவிடுவேன் என்று முதலாளி மிரட்டுவதே சட்டவிரோதம்.

நிஜமான பயம் வேலை போவதுதான். ஹெச்1பிக்காரருக்கு வேலை போன பிறகு 60 நாள் வரை அவகாசம், ஐ-94, அதாவது எதுவரை நாட்டில் தங்கலாம் என்று காட்டும் பதிவு, அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். பாகுபாட்டுப் புகார் நிலுவையில் இருப்பது அந்த 60 நாளை நீட்டாது. ஆகவே இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்ய வேண்டியிருக்கும்: ஒரு பக்கம் புது ஸ்பான்சரைத் தேடுவது, மறு பக்கம் புகார். ஊருக்குத் திரும்பினாலும் புகார் தொடரும். அனுமதித்த வீசாக் காலம் முடியும் முன் நிறுவனமே அனுப்பிவிட்டால் ஹெச்1பிக்காரருக்குத் திரும்பும் பயணச் செலவையும் அது தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

புராஜெக்ட் இல்லை என்று பெஞ்சில் உட்காரவைத்துச் சம்பளத்தை நிறுத்துவது, ஹெச்1பி மனுவின் வக்கீல் செலவைச் சம்பளத்தில் பிடிப்பது, முன்கூட்டி விலகினால் அபராதம் என்று மிரட்டுவது, இவை பாகுபாட்டுப் புகாரில் வராது. இவற்றுக்குத் தொழிலாளர் துறையின் சம்பளப் பிரிவில் டபிள்யூஹெச்-4 என்ற படிவம். கெடு 12 மாதம், கட்டணம் இல்லை.

7. புகாரைப் பதிவு செய்வது

இ.இ.ஓ.சியின் இணையவாசலில் கணக்கு தொடங்கி, சில கேள்விகளுக்குப் பதில் சொல்லி, நேர்காணலுக்கு நாள் எடுக்க வேண்டும். பக்கத்தில் தேதி கிடைக்காமல் தவிக்க நேரிடும். தினமும் காலையில் பாருங்கள், யாராவது ரத்து செய்த இடம் திறக்கும். கெடுவுக்கு 60 நாளுக்குக் குறைவாக இருந்தால் அதைத் தளத்திலேயே தெரிவியுங்கள், சீக்கிரம் பதிவு செய்யத் தனி வழி காட்டுவார்கள். 1-800-669-4000 அவர்களின் பொது எண். நேரிலும் போகலாம், கையெழுத்திட்ட கடிதமாகத் தபாலிலும் அனுப்பலாம்.

நேர்காணலில் அழுகை வரும், வந்தாலும் பரவாயில்லை. ஆனால் நான் நாலு வாக்கியம் பேசுவதற்குள் அந்த அதிகாரி நிறுத்தி, "அது எந்தத் தேதி?" என்றார். அடுத்து, "உங்கள் குழுவில் விடுப்பு எடுக்காத இன்னொருவருக்கு இதே மதிப்பெண் இருந்ததா? அவருக்கு என்ன ஆனது?" அந்த எக்செல் தாள் முன்னால் இருந்ததால் தப்பித்தேன்.

அவர் எழுதித் தரும் புகாரைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நீளமான கதை பாதிப் பக்கமாகச் சுருங்கியிருக்கும். அதில் இல்லாத குற்றச்சாட்டை நாளை நீதிமன்றத்தில் எழுப்பினால் "புகாரிலேயே இல்லையே" என்று தள்ளிவிடுவார்கள். மூன்று இடங்களைப் பாருங்கள்: பொருந்தும் பெட்டிகள் எல்லாம் குறிக்கப்பட்டனவா, குறிப்பாகப் பழிவாங்கல், முதல் தேதியும் கடைசித் தேதியும் சரியா, நிறுவனத்தின் பெயர் டபிள்யூ-2இல் உள்ள சட்டப்படியான பெயரா. கன்சல்டன்சி வழியாகக் க்ளையன்ட் இடத்தில் வேலை பார்த்தவர்கள் இரண்டு நிறுவனத்தையும் சேருங்கள், இரண்டுமே பொறுப்பாகலாம்.

மாநில அலுவலகத்துக்கும் சேர்த்தே பதிவு செய்யும் ஏற்பாடு உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவின் சி.ஆர்.டியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தளத்தில் "உடனடியாக வழக்குத் தொடரும் உரிமை" என்று ஒரு தேர்வு வரும். சீக்கிரம் முடியுமே என்று அதை அழுத்தினால் சி.ஆர்.டி விசாரிக்காது, ஒரு வருடத்துக்குள் நீங்களே வழக்குப் போட வேண்டும். வக்கீல் கையில் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

8. பிறகு என்ன நடக்கும், எவ்வளவு நாள்?

பதிவான 10 நாளுக்குள் நிறுவனத்துக்கு அறிவிப்பு போகும். பல புகார்களில் முதலில் சமரசப் பேச்சுக்கு அழைப்பார்கள். கட்டணம் இல்லை, கட்டாயமும் இல்லை, இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான். பெரும்பாலும் 3 மாதத்துக்குள் முடிந்துவிடும். விசாரணை என்று போனால் சராசரியாகப் பத்து மாதம் என்று இ.இ.ஓ.சியே சொல்கிறது. என்னைக் கேட்டால், அழைப்பு வந்தால் சமரசத்துக்குப் போங்கள். பணத்தோடு, நல்லபடியான பணிச்சான்று, கோப்பிலிருந்து பி.ஐ.பியை எடுப்பது, மருத்துவக் காப்பீட்டைச் சில மாதம் நீட்டுவது எல்லாம் அந்த மேசையில் கேட்கலாம். நீதிமன்றம் இவற்றில் பலவற்றைத் தராது.

சமரசம் ஆகாவிட்டால் நிறுவனம் தன் விளக்கத்தை எழுதிக்கொடுக்கும். அதன் நகலைக் கேளுங்கள், தருவார்கள். பொய்யும் மெய்யும் கலந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆவணத்தோடு பதில் எழுதுங்கள்.

பெரும்பாலானவர்களுக்குக் கடைசியில் வருவது 'ரைட் டு சூ' கடிதம். பாகுபாடு நடந்ததென்று நிரூபிக்க முடியவில்லை என்று அதில் இருந்தாலும் நீங்கள் தோற்றதாக அர்த்தமில்லை. அதைப் பெற்ற 90 நாளுக்குள் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். இந்த 90 நாளை நீதிபதிகள் தளர்த்துவது அபூர்வம். வீடு மாறினால், மெயில் முகவரி மாறினால் முதல் வேலையாக அவர்களிடம் தெரிவியுங்கள். காத்திருக்க முடியாதவர்கள் 180 நாள் கழிந்ததும் அந்தக் கடிதத்தைத் தாங்களே கேட்டு வாங்கலாம்.

9. செலவு

இ.இ.ஓ.சி, சி.ஆர்.டி, மற்ற மாநில அலுவலகங்களில் புகார் கொடுக்க ஒரு காசு வேண்டாம். வக்கீலும் கட்டாயமில்லை. நீதிமன்றம் என்றால் மத்திய நீதிமன்றத்தில் பதிவுக் கட்டணம் 405 டாலர், கலிபோர்னியா மாநில நீதிமன்றத்தில் சுமார் 435.

ஊழியர் பக்கம் வாதாடும் வக்கீல்கள் பலர் ஜெயித்தால்தான் கூலி என்ற முறையில் வருவார்கள், வருகிற தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து 40 சதவீதம் வரை. முதல் ஆலோசனை சிலரிடம் இலவசம், சிலரிடம் சில நூறு டாலர். கையெழுத்துப் போடுமுன் இதர செலவுகள் யார் தலையில், அவை சதவீதத்துக்கு முன்பு கழியுமா பின்பா என்று கேளுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் 'லீகல் எய்ட் அட் ஒர்க்' அமைப்பு ஊழியர்களுக்கு இலவச ஆலோசனை தருகிறது.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் அடக்கிவைக்கலாம். 7ஆம் பகுதியின் கீழ் மன உளைச்சலுக்கும் தண்டனைத் தொகைக்கும் சேர்த்து உச்சவரம்பு உண்டு: 15 முதல் 100 பேர் உள்ள நிறுவனம் 50,000 டாலர், 200 வரை 1,00,000, 500 வரை 2,00,000, அதற்கு மேல் 3,00,000. இழந்த சம்பளம் இதில் சேராது. கலிபோர்னியா மாநிலச் சட்டத்திலும் செக்‌ஷன் 1981இலும் இந்த வரம்பு இல்லை, வக்கீல்கள் அந்த வழியை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். வருகிற பணத்துக்குப் பொதுவாக வரி உண்டு, உடல் காயம் இல்லாத மன உளைச்சல் தொகைக்கும்கூட. வக்கீல் கூலியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இந்த மாதிரி வழக்குகளில் வழி இருக்கிறது. வரிக் கணக்கரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

10. செவரன்ஸ் தாள் நீட்டினால்

வேலையை விட்டு அனுப்பும் அன்று செவரன்ஸ், அதாவது பிரிவுத் தொகைக்கான ஒரு தாளை நீட்டி, "இதில் கையெழுத்துப் போட்டால் இத்தனை வாரச் சம்பளம், நாளைக்குள் சொல்லுங்கள்" என்பார்கள். அந்தத் தாளில் பெரும்பாலும் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக இருக்கும். அன்றைக்கே போட வேண்டிய அவசியமில்லை. 40 வயது நிரம்பியவர் வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதானால் யோசிக்க 21 நாள், கூட்டமாக லேஆஃப் என்றால் 45 நாள், கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாற 7 நாள் சட்டப்படி உண்டு. கலிபோர்னியாவில் வயது எதுவானாலும் 5 வேலைநாளாவது தர வேண்டும், வக்கீலைக் கேட்கலாம் என்றும் சொல்ல வேண்டும். எங்கே இருந்தாலும் "வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்று மெயில் அனுப்புங்கள், பல நிறுவனங்கள் ஒரு வாரமாவது பொறுக்கும்.

ஏற்கனவே உழைத்த நாட்களின் சம்பளத்தைத் தர இந்தக் கையெழுத்தை நிபந்தனையாக்க முடியாது. கலிபோர்னியாவில் பணிநீக்கம் என்றால் அன்றைக்கே கடைசிச் சம்பளம் கைக்கு வர வேண்டும், பாக்கியிருக்கும் விடுமுறை நாட்களுக்கான பணத்தையும் சேர்த்து.

சேரும்போது, தகராறு வந்தால் தனியார் நடுவரிடம்தான் போவேன் என்னும் 'ஆர்பிட்ரேஷன்' ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களும் இ.இ.ஓ.சிக்குப் போகலாம், அந்த உரிமையை எந்தத் தாளும் பறிக்காது. நீதிமன்ற வழக்குதான் தனியார் நடுவரிடம் திரும்பும். பாலியல் தொல்லை வழக்கு என்றால் அதுவும் கட்டாயமில்லை: 2022 மார்ச்சில் வந்த சட்டப்படி, நடுவரா நீதிமன்றமா என்பதைப் பாதிக்கப்பட்டவரே தீர்மானிக்கலாம்.